டெல்டாவில் இலவச வக்கீல்: எதற்குப் போகலாம், எங்கே தடுக்கும்

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினம் என்று எந்த ஊர்க் கோர்ட்டு வளாகத்துக்குள் நுழைந்தாலும் ‘மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு’, ‘வட்ட சட்டப் பணிகள் குழு’ இரண்டில் ஒரு பலகை கண்ணில் படும். 1987-ல் இயற்றி 1995 நவம்பர் 9 முதல் அமலில் இருக்கும் சட்டத்தின்படி நடக்கும் அலுவலகம் அது. வக்கீல், கோர்ட்டு கட்டணம், நகல் எடுக்கும் செலவு, தீர்ப்பை மொழிபெயர்க்கும் செலவு எல்லாம் அரசுடையது. சிவில் வழக்கும் எடுப்பார்கள். இங்கே கிரிமினல் பக்கத்தை மட்டும் பார்க்கலாம். ஆள் உள்ளே போய்விட்டான் என்று அழுதுகொண்டு வருகிறவர்கள்தான் இந்த வாசலில் அதிகம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ரிமாண்டிலிருந்து ஜாமீன் வரை இந்தச் சேவையை நம்பிப் போகலாம். சாட்சி விசாரணைக் கட்டத்தில் எந்த வக்கீல் வாய்க்கிறார் என்பதைப் பொறுத்தது. பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீட்டில் சட்டம் தாராளம், நடை மந்தம். வழக்கு ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால், அது காரைக்காலானாலும் சரி, குஜராத்தானாலும் சரி, கட்டுக் காகிதத்தை மனுதாரரே சுமந்து போய்ச் சேர்க்க வேண்டியிருக்கிறது. டெல்டாவில் எல்லை தாண்டாத வழக்கு குறைவு என்பதுதான் சிக்கல்.

யாருக்குக் கிடைக்கும் என்பதில்தான் முதல் குழப்பம். ஏழைகளுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டத்தின் 12-ஆம் பிரிவைப் பார்த்தால், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. மற்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் வரை போகும் வழக்கென்றால் 5 லட்சம். அதே பிரிவில் வெள்ளம், வறட்சியால் பாதிக்கப்பட்டவர்களும் வருகிறார்கள். 2018-ல் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு இந்த வரியைச் சொல்லி மனு கொடுத்திருக்கக் கூடியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அப்படி ஒரு வரி இருப்பதே கடைமடை ஊர்களுக்குத் தெரியாது.

பெண் ஒருவர் மனுவோடு வந்தால் வருமானச் சான்றிதழ் கேட்பது தவறு. வருமானத்தைக் காட்ட வேண்டியவருக்கும் தாசில்தார் சான்றிதழ்தான் வேண்டும் என்றில்லை; 13-ஆம் பிரிவு உறுதிமொழிப் பத்திரத்தையே ஏற்கலாம் என்கிறது, சந்தேகிக்கக் காரணம் இருந்தால் மட்டும் மேலே விசாரிக்கலாம். முன்னால் இருக்கும் ஊழியர் இ-சேவை மையத்துக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வரச் சொன்னால், 13-ஆம் பிரிவைச் சொல்லி உறுதிமொழிப் பத்திரம் தருவதாக மரியாதையாகச் சொல்லலாம். காவலில் இருப்பவருக்கு இதுவும் வேண்டாம்.

மனு வெள்ளைத் தாளில், தமிழில் போதும். பெயர், முகவரி, எந்தப் பிரிவில் தகுதி, காவல் நிலையம், குற்ற எண், எந்தக் கோர்ட்டு, அடுத்த வாய்தா என்றைக்கு, இவ்வளவுதான். கூடவே எஃப்.ஐ.ஆர் நகல் அல்லது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர் ரசீது, ஆதார் நகல், பட்டியல் சாதி என்றால் சாதிச் சான்று. எழுதத் தெரியாதவருக்கு அங்கே இருக்கும் சட்டத் தன்னார்வலர் எழுதிக் கொடுப்பார். 15100 என்ற எண்ணில் பேசியும் தொடங்கலாம், தேசிய சட்டப் பணிகள் ஆணையமான நல்சாவின் இணையதளத்திலும் போடலாம். ஆனால் ஆள் ரிமாண்டில் இருக்கும்போது இணையத்தில் போட்டுவிட்டுக் காத்திருப்பது சரியில்லை, நேரில் போவதுதான் வேகம். மனு மீது 7 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. மறுத்தால் ஆணைக்குழுவின் தலைவரான முதன்மை மாவட்ட நீதிபதியிடம் மேல்முறையீடு உண்டு. அன்றாடம் அலுவலகத்தை நடத்துகிற செயலாளரும் நீதிபதிதான். இது பலருக்குத் தெரியாததால் குமாஸ்தாவிடம் பேசிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். செயலாளரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் பார்க்க விடுவார்கள்.

எஃப்.ஐ.ஆர் நகலுக்கு நடையாய் நடக்க வேண்டியதில்லை. புகார் கொடுத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் இலவச நகல் தர வேண்டும் என்று 2024 ஜூலை 1-ல் அமலான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரின் வீட்டார் காவல்துறை இணையதளத்தில் இறக்கிக்கொள்ளலாம். உச்ச நீதிமன்றம் 2016-ல் 24 மணி நேரத்துக்குள் ஏற்றச் சொல்லியிருக்கிறது. போக்சோ போன்ற வழக்குகள் மட்டும் அதில் ஏறாது, அவற்றுக்குக் கோர்ட்டில் நகல் மனு போட வேண்டும். வழக்கு கோர்ட்டில் நம்பர் ஆன பிறகு 16 எழுத்து கொண்ட சி.என்.ஆர் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால் வாய்தாத் தேதியை ஈ-கோர்ட்ஸ் செயலியில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். வக்கீலுக்குப் போன் போட்டு எடுக்கவில்லை என்ற புலம்பலில் பாதி இதிலேயே தீரும்.

வக்கீல் யார் என்பதில் இரண்டு வகை உண்டு. பழைய முறையில் பேனல் வக்கீல்: தன் சொந்த வழக்குகளோடு இதையும் பார்ப்பார், அரசு தரும் கட்டணம் சொற்பம், அதுவும் பில் போட்டுப் பிறகு வரும். 2022-ல் நல்சா கொண்டுவந்த முறையில் சட்ட உதவிப் பாதுகாப்பு ஆலோசகர்கள் என்று தலைமை, துணை, உதவி நிலைகளில் முழுநேர ஆட்கள் இருக்கிறார்கள். இவர்கள் வெளியில் தனி வழக்கு எடுக்கக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் மட்டுமே ஆஜராவார்கள். பாதிக்கப்பட்டவருக்கு வக்கீல் வேண்டுமானால் பேனலில் இருந்துதான் வரும். ஒரே கைகலப்பில் இரு தரப்பும் ஒரே அலுவலகத்துக்கு வந்தாலும் தனித்தனி ஆள் கிடைப்பதற்கு இதுதான் ஏற்பாடு. முழுநேர ஆட்கள் வந்த பிறகு ஜாமீன் மனு வேகம் கூடியிருக்கிறது என்பதில் மறுப்பில்லை. குறுக்கு விசாரணையில் பேனலில் உள்ள மூத்தவர் ஒருவர் கிடைத்தால் அவரே மேல்; செஷன்ஸ் வழக்கில் அனுபவம் உள்ளவரைத் தரும்படி மனுவிலேயே எழுதிக் கேட்கலாம்.

ஏற்கெனவே தனி வக்கீல் வக்காலத்துப் போட்டிருந்தால் அவரிடம் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும். அவசரத்தில் யாரோ சொன்னார்கள் என்று 5,000 கொடுத்து வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த வாரம் பணம் இல்லாமல் இங்கே வருகிறவர்கள் சிக்குவது இந்த இடத்தில். பாக்கியைக் கொடுத்தால்தான் கையெழுத்து என்று அங்கே நிற்கும். முதலில் வர வேண்டிய வாசல் இது.

கைது நேரத்தில் என்ன கேட்கலாம்? 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றத்துக்கு, மேலே சொன்ன சன்ஹிதாவின் (இனி வேறு சட்டத்தின் பெயர் இல்லாமல் வரும் பிரிவு எண்களும் அதனுடையவையே) 35(3)-ஆம் பிரிவு நோட்டீஸ் கொடுத்து வரச் சொல்வதே வழி, கைது விதிவிலக்கு. கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டில் ஒருவருக்குத் தெரிவிக்க வேண்டும், 24 மணி நேரத்தில், பயண நேரம் நீக்கி, மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க 38-ஆம் பிரிவு இடம் தருகிறது. இவற்றை ஸ்டேஷன் வாசலில் நின்று வாதாடுவதில் பயனில்லை. ரிமாண்ட் நேரத்தில் வக்கீல் எழுத்தில் சொன்னால்தான் பதிவாகும். மாஜிஸ்திரேட் வீட்டில் இரவு ரிமாண்ட் என்றால் அங்கேயும் சட்ட உதவி வக்கீலைக் கேட்கும் உரிமை உண்டு.

அதன் பிறகு நாள் எண்ண வேண்டும். மரணம், ஆயுள், 10 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் என்றால் 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமை. கஞ்சா 20 கிலோவுக்கு மேல் என்றால் 180 நாள். ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் தெளிவாக்கிவிட்டது. பிழை நடப்பது 61-ஆம் நாளில்: மனு போடாமல் விட்டு, மறுநாள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போயிற்று. கோர்ட்டு தானாகக் கூப்பிட்டுக் கொடுக்காது. ஆகவே ரிமாண்டுத் தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து, 58-ஆம் நாளே அலுவலகத்துக்குப் போய் நினைவுபடுத்துவது வீட்டாரின் வேலை. முழுநேர ஆலோசகரிடம் இருக்கும் வழக்குக் கட்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்தால், இதைக் குறையாகச் சொல்லவும் மனம் வரவில்லை.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்கள் இருக்கிறார்கள். டெல்டாவுக்கே உரிய காரணம் ஒன்று அதில் உண்டு. இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், ஒருவர் ரத்த சம்பந்தம் உள்ளவராக இருக்க வேண்டும், வீட்டுவரி ரசீது, ரேஷன் கார்டு, ஆதார், போட்டோ கொண்டு வர வேண்டும் என்று உத்தரவு வரும். கோயில் நிலத்திலும் ஆதீன நிலத்திலும் குத்தகைக்கு இருக்கிற குடும்பத்துக்குத் தன் பெயரில் வீட்டுவரி ரசீது எங்கே இருக்கும்? மனை பட்டாவும் இருக்காது. சாகுபடி அடங்கலும் குத்தகை ரசீதும் காட்டினால் ஒரு கோர்ட்டு ஏற்கும், இன்னொன்று ஏற்காது. ஜாமீன் மனுவிலேயே ‘மனுதாரர் குடும்பம் குத்தகைதாரர், சொந்த மனை இல்லை’ என்று ஒரு வரி போடச் சொல்லி வக்கீலிடம் கேட்பது நல்லது. உத்தரவு வந்த பிறகு மாற்றச் சொல்லி மனு போடுவது இரட்டை வேலை.

உத்தரவு வந்து ஒரு வாரத்தில் ஆள் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதமாகியும் ஜாமீன் கட்ட முடியாவிட்டால் கோர்ட்டே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி யோசிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் வழிகாட்டியிருக்கிறது. அதே ஆண்டு மத்திய உள்துறை கொண்டுவந்த ஏழைக் கைதிகள் உதவித் திட்டத்தில், தொடங்கியபோது, விசாரணைக் கைதிக்கு ஜாமீன் தொகையாக 40,000 ரூபாய் வரையும், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையும் அரசே கட்ட வழி வைத்தார்கள். மாவட்ட அளவில் ஒரு குழு முடிவெடுக்கும். திட்டம் நல்லது, கேட்டால்தான் அசையும். இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர், அந்தக் குற்றத்துக்கான உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் 479-ஆம் பிரிவில் வெளியே வரலாம், மற்றவர்களுக்குப் பாதி. மரண, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்குப் பொருந்தாது. ஒன்றுக்கு மேல் வழக்கு நிலுவையில் இருந்தாலும் பொருந்தாது. இந்தக் கடைசி வாக்கியம்தான் பலரை உள்ளே வைத்திருக்கிறது.

இனி எல்லை விவகாரம். நாகூரைத் தாண்டினால் வாஞ்சூர், அங்கிருந்து காரைக்கால், மறுபடி நண்டலாறு தாண்டினால் தமிழ்நாடு. நடவுக்கும் மீனுக்கும் கல்யாணத்துக்கும் தினம் இந்தக் கோட்டைக் கடக்கிறோம். குற்றச் சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றே, மதுச் சட்டம் வேறு. காரைக்காலில் கடையில் ரசீதோடு வாங்கிய பாட்டில், வாஞ்சூரைத் தாண்டியதும் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-க்குள் வந்துவிடுகிறது. 2024-ல் கள்ளக்குறிச்சிச் சாவுகளுக்குப் பிறகு அந்தச் சட்டத்தின் தண்டனைகளைக் கூட்டியிருக்கிறார்கள். வழக்கு பிடிபட்ட இடத்தின் கோர்ட்டில் நடக்கும். ஆகவே காரைக்கால்காரராக இருந்தாலும் நாகப்பட்டினம் ஆணைக்குழுவில்தான் மனு. காரைக்கால் கோர்ட்டு வளாகத்தில் இருக்கும் அலுவலகம் புதுச்சேரி ஆணையத்தின் கீழ் வருவது. அங்கே போய் நின்றால் ‘நாகைக்குப் போங்க’ என்று அனுப்புவார்கள். தவறு அவர்கள் பேரில் இல்லை, ஆனால் மனுவை வாங்கி அந்தப் பக்கம் அனுப்பிவைக்க அவர்களால் முடியும். எழுத்தில் கொடுத்து ‘உரிய ஆணைக்குழுவுக்கு அனுப்பவும்’ என்று கீழே எழுதி, முத்திரையோடு நகல் வாங்கிக்கொண்டால் வேலை நகரும்.

இந்த வழக்குகளில் ஆளைவிட வண்டிதான் பெரிய இழப்பு. பாட்டில் ஏற்றிய பைக்கையும் ஆட்டோவையும் பறிமுதல் செய்து ஏலம் விட மதுவிலக்குச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு அதிகாரியிடமே அதிகாரம் தருகிறது. கோர்ட்டில் ஜாமீன் கிடைத்ததும் நிம்மதியாகிவிட்டு, மதுவிலக்கு அதிகாரியிடமிருந்து வரும் நோட்டீசைக் கவனிக்காமல் விடுவதுதான் வழக்கமாக நடப்பது. வண்டி உரிமையாளர் வேறு ஆள், அவருக்குத் தெரியாமல் நடந்தது என்றால் அதைப் பதிலில் எழுத்தில் சொல்லியாக வேண்டும். இந்த நோட்டீசுக்குப் பதில் எழுதவும் சட்ட உதவி வக்கீல் கிடைப்பார். கேட்டு வாங்க வேண்டும்.

காரைக்கால் வழக்கில் உள்ளே இருக்கும் ஒருவருக்கு மயிலாடுதுறைப் பக்கத்தில் இன்னொரு வழக்கு இருந்தால் பி.டி வாரண்டு, அதாவது சிறையில் இருப்பவரை அந்தக் கோர்ட்டில் நிறுத்தச் சொல்லும் உத்தரவு, வரும். ஒரு வழக்கில் ஜாமீன் வாங்கிச் சிறை வாசலில் வீட்டார் காத்திருக்க, ஆள் அடுத்த கோர்ட்டுக்குப் போயிருப்பார். இரண்டு மாநில ஆணையங்களுக்கும் இடையே இந்தத் தகவல் தானாகப் போய்ச் சேருவதில்லை. ஒரு பக்கத்து வக்கீலுக்கு மறுபக்கத்து வழக்கு தெரியாது. எல்லாக் குற்ற எண்களையும் ஒரே தாளில் எழுதி இரண்டு வக்கீல்களுக்கும் கொடுப்பதே வழி. இந்தச் சேவைக்கு மதிப்பெண் போட்டால் மிகக் குறைவாகப் போட வேண்டிய இடம் இதுதான்.

வெளியூர் ஜாமீன்தாரர் பிரச்சினைக்குச் சட்டத்தில் பதில் உண்டு. வேறு மாவட்டம், வேறு மாநிலம் என்பதற்காகவே ஜாமீன்தாரரை மறுக்கக் கூடாது என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1978-லேயே மோதி ராம் வழக்கில் எழுதிவிட்டார். 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், பல மாநிலங்களில் வழக்குகளைச் சுமந்த ஒருவருக்கு, ஒரு மாநிலத்து வழக்குகள் அத்தனைக்கும் அதே ஜாமீன்தாரர்கள் போதும் என்றது. இருந்தும் கீழ்க் கோர்ட்டுகளில் ‘லோக்கல் ஷ்யூரிட்டி’ என்ற சொல் ஒழியவில்லை. இன்று டெல்டாவில் நாற்று நடுவதே வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிற ஆட்கள் என்று ஆகிவிட்டது. அவர்களில் ஒருவர் மாட்டினால் ஊரில் ரத்த சம்பந்தத்துக்கு எங்கே போவார்? மொழிபெயர்ப்பாளரும் சட்ட உதவியில் அடக்கம், ஆனால் இந்தி, வங்காளம் தெரிந்தவர் கோர்ட்டில் உட்கார்ந்திருப்பதில்லை. மனுவில் மொழியைக் குறிப்பிட்டால் முன்கூட்டியே தேடுவார்கள்.

குற்றம் எல்லைக்கு அப்பால் நடந்து, பாதிக்கப்பட்டவர் இந்தப் பக்கம் இருந்தால் பூஜ்ய எஃப்.ஐ.ஆர். காரைக்காலில் தாக்கப்பட்ட பெண் நாகூர் ஸ்டேஷனிலேயே புகார் கொடுக்கலாம், ‘அது எங்க லிமிட் இல்லை’ என்று திருப்பக் கூடாது. 173-ஆம் பிரிவில் இது இப்போது எழுத்திலேயே வந்துவிட்டது. பதிவதில் பெரிதாகத் தகராறு இல்லை. அங்கே அனுப்பிய பிறகு எந்த எண்ணில் மறுபதிவானது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. அனுப்பிய தேதியையும் தபால் எண்ணையும் நாகூரில் கேட்டு வாங்காமல் போகக் கூடாது. புகாரையே வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில், அதற்கும் அசையாவிட்டால் 175(3)-இல் மாஜிஸ்திரேட்டிடம். இரண்டையும் பேனல் வக்கீல் இலவசமாக எழுதித் தருவார்.

அண்மையில் கூடிவரும் வகை, வங்கிக் கணக்கு முடக்கம். எங்கோ ஒரு மாநிலத்தில் ஒருவர் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்குப் புகார் சொல்கிறார், அந்தப் பணத்தில் ஒரு துளி நம் ஊர் இளைஞர் கணக்கு வழியாகப் போயிருக்கிறது, கணக்கு முடங்குகிறது. அதே கணக்கில்தான் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துப் பணமும் வந்து கிடக்கும். வங்கி மேலாளரோடு சண்டை போட்டுப் பயனில்லை. எந்த மாநிலம், எந்த சைபர் காவல் நிலையம், புகாரின் பதிவு எண், எவ்வளவு தொகை சந்தேகத்துக்குரியது என்ற நான்கையும் எழுத்தில் வாங்க வேண்டும். சந்தேகத் தொகையைச் சொல்லாமல் முழுக் கணக்கையும் முடக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் சொல்லியிருக்கிறது. அந்தக் காவல் நிலையத்துக்கு அனுப்பும் விளக்கக் கடிதத்தை இங்குள்ள சட்ட உதவி அலுவலகம் ஆங்கிலத்தில் எழுதித் தரும். அங்குள்ள மாஜிஸ்திரேட்டிடம் 503-இல் மனு போட வேண்டி வந்தால் அந்த மாவட்ட ஆணைக்குழுவுக்கு மனுவை அனுப்பலாம். அனுப்பலாம் என்பதோடு நமது பக்கம் முடிகிறது. அங்கே யாரை நியமித்தார்கள் என்பதை விண்ணப்பித்தவரே போனில் துரத்த வேண்டும். கமிஷனுக்காகக் கணக்கை வாடகைக்கு விட்டவர் என்றால் கதை வேறு, அவர் தேட வேண்டியது முன்ஜாமீன்.

பாதிக்கப்பட்டவர் பக்கம் சுருக்கமாக. 396-ஆம் பிரிவின்படி இழப்பீட்டு மனு மாவட்ட ஆணைக்குழுவுக்கே. குற்றவாளி யாரென்று தெரியாவிட்டாலும், வழக்கு விடுதலையில் முடிந்தாலும் கேட்கலாம். 2 மாதத்தில் விசாரித்து முடிக்க வேண்டும். நல்சாவின் 2018 திட்டத்தில் பாலியல் வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம், உயிரிழப்புக்கு 5 முதல் 10 லட்சம். இடைக்கால உதவியை முதல் மனுவிலேயே தனியாகக் கேட்க வேண்டும், இல்லையென்றால் யாரும் நினைவில் வைப்பதில்லை. மருத்துவச் சான்றும் வங்கிக் கணக்கு நகலும் இணைக்காததால் கிடப்பில் போகும் மனுக்கள் அதிகம். சாதி வன்கொடுமை வழக்கின் நிவாரணம் வேறு வாசல்: அது ஆட்சியர் வழியே, எஃப்.ஐ.ஆர், குற்றப்பத்திரிகை, தண்டனை என்று கட்டம் கட்டமாக. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஒன்றை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு அலுவலகமே சொல்லி அனுப்ப வேண்டும், எப்போதும் சொல்வதில்லை.

உயர் நீதிமன்றம் என்றதும் இன்னொரு எல்லை குறுக்கே வருகிறது. 2004-ல் மதுரைக் கிளை வந்த பிறகு தஞ்சாவூர் மாவட்டம் மதுரைக்குப் போயிற்று, திருவாரூரும் நாகப்பட்டினமும் சென்னையிலேயே நின்றுவிட்டன. கும்பகோணத்திலிருந்து வலங்கைமானுக்கு டவுன் பஸ்ஸில் போய்விடலாம்; ஆனால் கும்பகோணத்து வழக்கின் அப்பீல் தெற்கே போகும், வலங்கைமான் வழக்கின் அப்பீல் வடக்கே போகும். காரைக்காலும் சென்னைதான். இது குண்டர் சட்டத்தில் கழுத்தைப் பிடிக்கும். 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் 14-இல் தடுப்புக் காவலில் வைத்தால் 5 நாளுக்குள் காரணங்களைக் கொடுக்க வேண்டும், 3 வாரத்துக்குள் அறிவுரைக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும், குழுமம் 7 வாரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும், உச்சக் காலம் 12 மாதம். குழுமத்தின் முன் வக்கீல் வாதாட முடியாது. ஆகவே மாவட்டத்து ஆலோசகரால் ஆவது ஒன்றுதான்: காரணங்களின் நகலில் தெளிவில்லாத பக்கம், தமிழாக்கம் தராத ஆவணம், பதில் சொல்லத் தாமதமான கோரிக்கை மனு ஆகியவற்றைக் குறித்து, ஆட்கொணர்வு மனுவுக்காக உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவுக்கு அனுப்புவது. கட்டு தவறான ஊருக்குப் போனால் வாரங்கள் போய்விடும். அனுப்பும் உறையில் ‘மதுரை’யா ‘சென்னை’யா என்று வீட்டார் ஒரு தடவை பார்த்துவிடலாம், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன மீனவருக்கு இந்தச் சேவை உதவாது. அது மீன்வளத் துறை, யாழ்ப்பாணத் துணைத் தூதரகம் வழியே போகிற விவகாரம்.

மக்கள் நீதிமன்றத்துக்கு வரச் சொல்லி நோட்டீஸ் வந்தால் பயப்பட வேண்டாம், அவசரமும் வேண்டாம். வரப்புத் தகராறில் அடிதடி, வாய்ச்சண்டை மாதிரி சமரசத்துக்கு உரிய குற்றங்கள் மட்டும்தான் அங்கே முடியும்; 359-ஆம் பிரிவில் பட்டியல் இருக்கிறது. கட்டிய கோர்ட்டு கட்டணம் திரும்பி வரும். ஆனால் அங்கே எழுதும் முடிவுக்கு அப்பீல் கிடையாது. வரப்பு வழக்கில் ‘இரு தரப்பும் சமாதானம்’ என்று மட்டும் எழுதி, வரப்பு எங்கே என்று எழுதாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த குறுவைக்கு மறுபடி அரிவாளைத் தூக்குகிறார்கள். சர்வே எண்ணும் அளவும் உள்ளே வரும் வரை கையெழுத்துப் போட வேண்டாம். உட்கார்ந்திருக்கும் நீதிபதி கோபித்துக்கொள்ள மாட்டார், அடுத்த அமர்வுக்குத் தள்ளிவைப்பார்.

இலவச வக்கீல் பணம் கேட்டால்? ‘குமாஸ்தா செலவு’, ‘ஜெராக்ஸ்’, ‘ஸ்டேஷனுக்கு’ என்று பெயர் மாறி வரும். எதற்கும் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை. வழக்கு எண், வக்கீல் பெயர், கேட்ட தேதி, கேட்ட தொகை இவற்றை எழுதிச் செயலாளரிடம் நேரில் கொடுத்தால் வக்கீலை மாற்றித் தருவார்கள். அதற்காக வழக்கு பின்னால் போகாது, வாய்தாவும் அதே தேதியில் நிற்கும்.